ஆளுக்கொரு சட்டி, அனைவர்க்கும் ஒரு பந்தி

தமிழர் இல்லங்களிலே விருந்து என்றால் சமைப்பவர் ஒருவர், உண்பவர் பலர். விருந்தளிக்கும் வீட்டார் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவர். விருந்தினர் வெறுங்கையோடு செல்லலாகாது என்று கருதி ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு பெட்டி பிஸ்கற்றோ கொண்டு வருவர். ஆனால், சமைத்த கறியைச் சட்டியோடு கொண்டு வருவாரல்லர். அவ்வாறு கொண்டு வந்தால், 'உங்கள் வீட்டுச் சமையலில் எங்களுக்கு நம்பிக்கையில்லை' என்று வாய் திறவாமலே சொன்னதாக முடியும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களில் அதன் நுட்பங்களை எடுத்துரைத்தார். முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரையும், விருந்தளிப்போரின் முகம் மாறக் கண்டால் வாடும் விருந்தினரையும் அவர் ஒப்பிட்டது பலரும் அறிந்ததே. அந்த மரபிலே, வருபவருடைய மனம் வாடாமற் காப்பது வீட்டாரின் கடமை.

அண்மைக் காலத்தில் வேறொரு வகை விருந்து நகரங்களிலே பரவியுள்ளது. நண்பர்கள் ஒரு வீட்டிற் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் சமைத்த ஒரு பண்டத்தைக் கொண்டு வருகின்றனர். எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து எல்லாரும் பகிர்ந்து உண்கின்றனர். ஆங்கிலத்தில் இதற்குப் 'பொட்லக்' என்று பெயர். பானை, அதிர்ஷ்டம் என்னும் இரு சொற்கள் சேர்ந்த சொல் அது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரிடையே, எதிர்பாராது வந்தவருக்கு அன்றைய பானையில் என்ன இருக்கின்றதோ அதுவே கிடைக்கும் என்ற பொருளில் வழங்கிய சொல், பின்னர் வட அமெரிக்காவிலே ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து உண்ணும் கூட்டு விருந்தைக் குறிக்கலாயிற்று. இவ்விருந்துக்குப் பயணம் என்ற பொருளையும் சேர்த்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டு உணவைக் கொண்டு வருமாறு கேட்பதும் உண்டு. அப்போது ஒரு மேசையைச் சுற்றி வருவதே உலகைச் சுற்றி வருவதாகிவிடுகின்றது.

கொழும்பிலே, வெள்ளவத்தையில், ஒரு வீட்டில் இத்தகைய விருந்து நடப்பதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். இல்லத்தரசி பன்னிரண்டு நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். அயல் வீட்டு மூதாட்டி அதைக் கேள்விப்பட்டு வியப்போடு வினவுகின்றார்: "என்ன பிள்ளை, வாறவையே கறியும் கொண்டு வரவேணுமோ? உன்ரை வீட்டிலை அடுப்பில்லையோ?"

மூதாட்டியின் கேள்வியிலே நியாயம் இல்லாமலில்லை. உபசரிக்கும் கடமையை விருந்தினர் தலையிலே சுமத்துவதாக இது முதற் பார்வைக்குத் தோன்றும். ஆயினும் கூடிச் சமைத்துக் கூடி உண்பது தமிழருக்குப் புதியதன்று. கூட்டாஞ்சோறு என்ற சொல் பழையது. யாழ்ப்பாணத்து ஒடியற் கூழை எடுத்துக்கொண்டால், ஒருவர் மீனும் நண்டும் வாங்கி வருவார். ஒருவர் வளவிலிருந்து பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொண்டு வருவார். ஒருவர் ஒடியல் மாவைக் கரைப்பார். வேறொருவர் பலாவிலைகளைக் கோலிக் குத்தி வைப்பார். கூழ் இறக்கிய பின் அவர்கள் எல்லாரும் முற்றத்திலே வட்டமாக இருந்து, நெற்றி வியர்க்கக் குடிப்பர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நத்தாருக்கும் அயல் வீட்டுக்குத் தட்டனுப்பும் வழக்கமும் அத்தகையதே. வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புவதில்லை என்பது எழுதாச் சட்டம். ஆகவே, பன்னிரண்டு வீட்டுத் தட்டுகள் ஒரே நாளில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்கின்றன என்று சொன்னால் மூதாட்டியும் ஒருவாறு ஒப்புக்கொள்வார்.

இனி, பயணம் என்பதற்கு என்ன பொருள் கொள்வது? மண்டபத்திலே பல நாட்டுக் கொடிகளைத் தொங்கவிட்டுப் பிற நாட்டாரின் உடைகளை வேடம் போல அணிந்து வருவது சிலருக்கு வேடிக்கையாகலாம். ஆனால் ஒரு நாட்டாரின் உடையைக் கேளிக்கைப் பொருளாக்கினால் அந்நாட்டார் அதனை விரும்புவாரா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது. அதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் ஓர் உணவை மட்டுமன்றி, அவ்வுணவு வந்த வழியையும் கொண்டு வருமாறு கேட்பதே அது. உண்ணத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் தம் சட்டியைப் பற்றிச் சொன்னாற் போதும். அந்த இரண்டு நிமிடங்களிலே எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு, மேற்சொன்ன வீட்டு மேசையைச் சுற்றி வந்து பார்க்கலாம்.

மேசையிலே முதலில் இருப்பது இடியப்பம். 'இது எந்த நாட்டுப் பண்டம்? நம் வீட்டுப் பண்டமன்றோ?' என்று கேட்போருக்கு அதைக் கொண்டு வந்தவர் சொல்லும் விடை, மலேசியா என்பது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவுக்குச் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணிபுரிந்தனர். தமிழகத்திலிருந்து இன்னும் பெருந்தொகையானோர் தோட்டங்களுக்குச் சென்றனர். தமிழரோடு சென்ற இடியப்பத்துக்கு அங்கே 'புத்து மாயம்' என்று பெயர் வழங்குகின்றது. கறியோடும் சொதியோடும் அன்றி, தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தூவி அதனை உண்கின்றனர். பிட்டின் கதையும் இதனோடு சேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் நீற்றுப்பெட்டியில் அவியும் பிட்டுக்கு, மலாயாவிலும் சாவகத்திலும் மூங்கிற் குழலில் அவியும் 'புத்து' என்ற உறவினர் இருக்கின்றார். அதன் நடுவே பனைவெல்லம் உருகி நிற்கும்.

அடுத்துள்ளது வாழையிலைப் பொதி. அதனைக் கொண்டு வந்தவர் ஒரு பறங்கியர் குடும்பத்துப் பெண்மணி. லம்பிரைஸ் என்னும் அப்பொதியினுள்ளே இறைச்சிச் சாற்றில் வெந்த சோறும், இறைச்சிக் கறியும், பொரித்த உருண்டையும், கத்தரிக்காய் மோசுவும், சீனிச் சம்பலும் அடங்கியிருக்கும். பொதியை இலையோடு சூளையில் வாட்டி எடுப்பதால் வாழையிலையின் மணம் சோற்றிலே ஏறிவிடும். பெயர் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. சோற்றை இலையிற் பொதியும் முறையோ சாவகத் தீவின் வழக்கத்தை ஒத்தது. 1656ஆம் ஆண்டில் கொழும்பைக் கைப்பற்றி 1796ஆம் ஆண்டு வரை இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர், சாவகத்திலும் ஆட்சி நடத்தினர். ஒரே கப்பல்களிலே போர்வீரரும் கைதிகளும் சமையற்காரரும் இரு தீவுகளுக்குமிடையே சென்று வந்தனர். அவ்வழியே வந்த மலாயர் சமூகத்தின் கைவண்ணமாகிய வட்டிலப்பமும் அதே மேசையில் இருக்கின்றது. தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் அவித்தெடுக்கும் அப்பண்டம் இல்லாத நோன்புப் பெருநாள் இலங்கை முஸ்லிம் வீடுகளில் அரிது.

மத்திய கிழக்கிலே தொழில் செய்து திரும்பிய நண்பர் எகிப்து நாட்டுக் கொஷரியைக் கொண்டு வருகின்றார். சோறும், பருப்பும், மக்கரோனியும், கொண்டைக்கடலையும், தக்காளிக் குழம்பும், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உணவு அது. எகிப்தியத் தெருக்களிலே ஏழையின் வயிற்றை நிரப்பும் மலிவான உணவு. மக்கரோனி இத்தாலியை நினைவூட்டும். தக்காளி அமெரிக்காவின் செடி. சோறும் பருப்பும் சேர்ந்த கலவை இந்தியாவின் கிச்சடியை ஒத்தது. ஆயினும் எகிப்தியர் அதனைத் தமது உணவு என்றே பெருமையோடு சொல்வர். இறைச்சி சேராத உணவாதலின், பல சமயத்தார் கூடும் பந்திக்கு மிகப் பொருத்தமானது.

ஆபிரிக்காவிலே ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் எதியோப்பியாவின் இஞ்சராவைச் செய்து பார்த்திருக்கின்றார். தெஃப் என்னும் நுண்ணிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, பெரிய வட்டக் கல்லில் ஒரு புறம் மட்டும் வேகவைத்தால், அப்பம் போல மேற்புறமெங்கும் கண் திறந்து வரும். தெஃப் இங்கே எளிதிற் கிடைப்பதில்லையாகையால் அவர் குரக்கன் மாவைப் பயன்படுத்தினார். அது பிழையன்று. குரக்கனே கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டு நிலங்களில் முதலிற் பயிராகிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுக்கு வந்த தானியம். எதியோப்பியர் ஒரு பெருந்தட்டில் இஞ்சராவை விரித்து, அதன் மேல் பருப்பையும் கறிகளையும் வைத்து, பலரும் ஒரே தட்டிற் கையிட்டு உண்கின்றனர். அன்புக்குரியவருக்கு ஒரு கவளத்தைச் சுருட்டித் தம் கையாலேயே வாயில் ஊட்டுகின்றனர். அதற்குக் 'குர்ஷா' என்று பெயர். பிறர் கையிலிருந்து வரும் அக்கவளத்தை மறுப்பது அன்பை மறுப்பதாகும்.

இறுதியாக, மேசையின் ஓரத்திலே ஒரு மண் சட்டியில் ஒடியற் கூழ் இருக்கின்றது. பல நாட்டு விருந்திலே உள்ளூர்க் கூழுக்கு என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். ஆனால் பயணத்திலே எந்தச் சட்டிக்கும் அது சளைத்ததன்று. கூழிலே இடும் மரவள்ளி தென் அமெரிக்காவின் கிழங்கு. கூழின் உயிராகிய உறைப்பைத் தரும் மிளகாயும் அமெரிக்காவின் காயே. 1492ஆம் ஆண்டிற் கொலம்பஸ் அக்கண்டத்தை அடையுமுன் ஆசியாவில் எவரும் மிளகாயைச் சுவைத்ததில்லை. 1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த பிறகே அது இத்தீவின் அடுக்களைகளுக்கு வழி கண்டது. அதற்கு முன் உறைப்புக்கு மிளகே துணை. புதிய காய்க்குப் பழைய மிளகின் பெயரையே இட்டு, மிளகு போன்ற காய், மிளகாய் என்றனர் தமிழர். அன்னாசியும் பப்பாசியும் கொய்யாவும் கச்சானும் அவ்வாறு வந்தவையே. காலையில் உண்ணும் பாணும் போர்த்துக்கேயச் சொல்லே. பிற நாட்டு உணவு நமக்கு ஆகாது என்று சொல்பவர் மிளகாய் இல்லாமல் ஒரு நாள் சமைத்துப் பார்த்தால், எது பிற நாடு, எது நம் நாடு என்ற கேள்விக்குத் தெளிந்த விடை சொல்லத் தயங்குவார்.

இத்தகைய விருந்து தானாக நடந்துவிடாது. வீட்டார் சமையலைக் குறைத்துக்கொள்ளலாமேயன்றிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள இயலாது. முதலாவதாக, யார் எதைக் கொண்டு வருவது என்பதை ஒரு வாரத்துக்கு முன்னரே கேட்டுக் குறித்துவைத்தல் வேண்டும். இன்றேல் பன்னிரண்டு பேரும் இனிப்பையே கொண்டுவந்து, சோற்றுக்கு வழியில்லாமல் நிற்க நேரும். சோறும் ஒரு பருப்புக் கறியும் குடிநீரும் வீட்டார் பொறுப்பாக இருப்பது நன்று. எந்தச் சட்டி வராமற் போனாலும் ஒருவரும் பசியோடு திரும்பார்.

இரண்டாவது, அளவு. பன்னிருவரும் பன்னிருவருக்கு வயிறு நிறையச் சமைத்தால் 144 பேருக்கான உணவு மேசையிலே குவியும். ஒவ்வொரு பண்டத்திலும் ஆளுக்கு இரண்டு கரண்டி என்று கணக்கிட்டால் எல்லாவற்றையும் சுவைக்கலாம்; வீணாவதும் இராது. வசதி குறைந்தவருக்கு விலையேறிய பண்டத்தை ஒதுக்குவதும் தவறு. கொஷரியும் கூழும் காட்டுவது போல, மலிவான பண்டமே பெரும்பாலும் நீண்ட கதையை உடையது.

மூன்றாவது, உடல்நலம். சமைத்த உணவை அறை வெப்பத்திலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சூடாக உண்பவற்றை 60 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பத்தில் வைத்திருத்தல் வேண்டும். தேங்காய்ப்பாற் கறி விரைவிற் பழுதாகும் என்பதை எந்த இல்லத்தரசிக்கும் சொல்லத் தேவையில்லை. தொலைவிலிருந்து வருபவர் பாற்கறியைத் தவிர்த்து, புளியும் வினாகிரியும் சேர்ந்த பண்டத்தைக் கொண்டு வருவது புத்திசாலித்தனம்.

நான்காவதே இன்றியமையாதது. ஒவ்வொரு சட்டியின் முன்னும் ஒரு சிறு சீட்டு இருத்தல் வேண்டும். பண்டத்தின் பெயர், அது வந்த நாடு, சேர்ந்த பொருள்கள், சமைத்தவர் பெயர் ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். கச்சானும் இறாலும் முட்டையும் சிலர் உடலுக்கு ஒவ்வா. சிலருக்கு அவை உயிருக்கே தீங்காவதும் உண்டு. சைவ உணவினருக்கு மச்சம் ஆகாது. முஸ்லிம் நண்பருக்குப் பன்றியிறைச்சி விலக்கு. மற்ற இறைச்சியும் ஹலாலாக இருத்தல் வேண்டும். இந்துக்கள் பலர் மாட்டிறைச்சியை உண்ணார். ஆகையால் சைவப் பண்டங்களுக்குத் தனி மேசையும், ஒவ்வொரு சட்டிக்கும் தனி அகப்பையும் வைப்பது மரியாதை.

இங்கே ஒரு கேள்வி எழுதல் கூடும். எல்லாரும் ஒன்றாக உண்பதே நோக்கமாயின், தனி மேசையும் தனி அகப்பையும் எதற்கு? இவையும் பழைய தீட்டின் புதிய வடிவங்களல்லவா?

அல்ல. ஆனால் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இந்த மண்ணிலே உணவின் பெயரால் மனிதரைப் பிரித்த வரலாறு மிகப் பழையதன்று. 1930ஐ அண்டிய ஆண்டுகளிலே, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து கற்கும் சமாசனமும், ஒரே பந்தியில் இருந்து உண்ணும் சமபோசனமும் வேண்டும் என்ற குரல் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எழுந்தபோது, அதனைப் பொறாதார் எதிர்த்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. தேநீர்க்கடையிலே ஒரு சாராருக்குப் பேணி மறுக்கப்பட்டு, போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அத்தகைய விலக்குகளைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைக் கதவுகள் திறப்பதற்கு 1960களின் இறுதி வரை போராட வேண்டியிருந்தது.

ஒருவர் தம் சமயத்தையும் உடல்நலத்தையும் எண்ணித் தமக்கென்று வைத்துக்கொள்ளும் விலக்கு வேறு. பிறரைத் தாழ்த்துவதற்காக அவர் மேற் சுமத்தும் விலக்கு வேறு. முன்னதை மதித்தால் அவர் பந்திக்கு வருவார். பின்னதை அனுமதித்தால் அவர் பந்தியிலிருந்து எழுந்து போவார். சீட்டும் அகப்பையும் எல்லாரையும் ஒரு பந்திக்கு அழைத்து வருவதற்கான ஏற்பாடுகளே.

ஆளுக்கொரு சட்டி கொண்டுவரும் விருந்தின் தனிச் சிறப்பு இங்கேதான் விளங்குகின்றது. வழக்கமான விருந்தில், வீட்டார் சமைத்ததை எல்லாரும் உண்பர். வந்தவர் எவராயினும், அவர் கைபட்ட உணவை வீட்டார் உண்ண நேர்வதில்லை. எல்லாரையும் அழைத்து, எல்லாருக்கும் வயிறார உணவிட்டு, ஆயினும் அவர்களிற் சிலர் வீட்டிலே ஒரு வாய் நீரும் அருந்தாமல் வாழ்ந்து முடித்த 'பெருந்தகைகள்' உண்டு. கொடுக்கும் கை மேலாகவும் வாங்கும் கை கீழாகவும் நிற்கும் ஏற்பாடு அது. ஆளுக்கொரு சட்டி என்றான பின், பன்னிரண்டு கைகளிலிருந்தும் உண்ண வேண்டும். வீட்டாரும் உண்ண வேண்டும். அங்கே கொடுப்பவர் என்றும் கொள்பவர் என்றும் இரு வகுப்பில்லை.

வெள்ளவத்தை வீட்டுக்கு மீண்டும் வரலாம். பந்தி தொடங்கும் வேளை. வீட்டுத் தலைவனின் தாயார், எண்பது வயதைக் கடந்தவர், மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு மேசையைச் சுற்றி வருகின்றார். மற்றப் பண்டங்களைப் பார்த்துவிட்டு, தமக்குப் பழக்கமான கூழ்ச் சட்டியின் முன்னே நிற்கின்றார். "பிள்ளை, இது ஆர் சமைச்சது?" என்று கேட்கின்றார்.

மருமகள் ஒரு கணம் தயங்குகின்றாள். யார் சமைத்தது என்னும் கேள்வி அந்தத் தலைமுறையின் வாயிலே எதற்காகப் பிறந்தது என்பதை அவள் அறிவாள். அந்தக் கேள்வியின் விடையைக் கேட்டு இலையை மடித்து எழுந்தவர்கள் உண்டு. கூழைக் காய்ச்சி வந்த பெண்மணியோ அருகிலேயே நிற்கின்றார். அவருடைய பாட்டனார் சிரட்டையிலே தேநீர் வாங்கிக் குடித்தவர்.

"அந்தா, அவ தான் மாமி. பேரும் சீட்டிலை கிடக்கு," என்கின்றாள் மருமகள்.

மூதாட்டி கண்ணாடியைச் சரிசெய்து சீட்டைப் படிக்கின்றார். பின்னர் பலாவிலையை நீட்டி, ஒரு மிடறு பருகி, அப்பெண்மணியை நோக்கிக் கேட்கின்றார்: "புளி எவ்வளவு விட்டனீர் பிள்ளை? எனக்கு இந்தப் பதம் ஒரு நாளும் வந்ததில்லை."

'யார் சமைத்தது?' என்னும் கேள்வி பழைய கேள்வியே. விலக்குவதற்காகக் கேட்ட அதனைப் பாராட்டுவதற்காகக் கேட்கப் பழகுவதே, நெடுந்தூரம் போகாமலே செய்யக்கூடிய நெடும் பயணம். மிளகாய் கடல் கடந்து இந்த அடுக்களைக்கு வந்து 500 ஆண்டுகளாகின்றன. அயல் வீட்டுச் சட்டி வேலி கடந்து வருவதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

விருந்து முடிந்து விடைபெறும்போது, கழுவிய சட்டிகளை அவரவரிடம் கொடுத்தனுப்புதல் வேண்டும். வெறுஞ்சட்டியாக அனுப்பலாகாது என்பதை மட்டும் பழைய வழக்கத்திலிருந்து மறவாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் மற்றொருவர் சமைத்த பண்டம் ஒரு பிடி இருக்கட்டும்.